லிஃப்ட்காரர் பார்க்காதது

லிஃப்ட்காரர் செத்துக் கிடந்தபோது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மொட்டை மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்து கேட்ட முதல் கேள்வி, "லிஃப்ட் எப்பங்க வரும்?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. மாடி மாடியாக ஏறி வந்தவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இயந்திர அறைத் தரையில் ஒருவர் மல்லாந்து கிடப்பதும், இன்னொருவர் அவர் மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி மாவு பிசைவது போல அழுத்திக்கொண்டிருப்பதும் பிறகுதான் கண்ணில் பட்டன. பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அழுத்திக்கொண்டிருந்தவரை எல்லாரும் வெயிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கூண்டு மேலே போகும்போது மறுபக்கம் ஓர் இரும்புச் சுமை கீழே இறங்கும். தொழிலில் அதற்கு அந்தப் பெயர். இவர் உடம்பைப் பார்த்து யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. கூண்டுக்குள் இவர் கடைசியாக ஏறினால் ஓவர்லோடு மணி அடிக்கும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் இவரையே பார்ப்பார்கள். "என்னை ஏன் பாக்கறீங்க, முதல்ல ஏறுனவரைக் கேளுங்க" என்பார். லிஃப்ட்காரரோடு பல வருஷமாக ஜோடி போட்டு லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கிறவர். கம்பெனியில் ஒருநாள் ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று பாடம் நடத்தினார்கள். வகுப்பு முழுக்க அந்தப் பொம்மையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவரும் இவர்தான். அந்தக் கிண்டலுக்கு நடுவே காதில் விழுந்த கொஞ்ச நஞ்சம்தான் அன்று லிஃப்ட்காரரைப் பிடித்து வைத்தது.

நடந்தது சின்ன விஷயம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்று இயந்திர அறையில் இருக்கும். மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் அதன் வயிற்றில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை உள்ளே கடுகளவு சிவப்பு விளக்கு எரியும். விளக்கு அணைந்த பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது சட்டம். விளக்கு அணைந்தால் போதும் என்பது வழக்கம். தொழிலில் ஊறியவர்கள் யாரும் டெஸ்டரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவன்தான் பயந்து பயந்து சோதிப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்று லிஃப்ட்காரர் மெயினை இறக்கினார், எட்டிப் பார்த்தார், விளக்கு எரியவில்லை, ஸ்குரூ டிரைவரை நீட்டினார். மின்சாரம் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. செத்துப்போயிருந்தது விளக்கு.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் தகட்டை வைத்து ஓர் அடி கொடுத்தார்கள். நின்றது ஓடியது. ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கிய மனிதர், தான் நிறுத்தி வைத்த லிஃப்டின் பக்கத்துப் படிக்கட்டு வழியாக நாலு பேர் கையில் இறங்கினார், உயிரோடு.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் பழம் கொண்டுவந்தார்கள். பழத்தை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கடமைக்கு ஒரு வார்த்தை. பிறகு குரல் இறங்கும்.

"என்னதான் தெரிஞ்சது?" என்றார் மேல் வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்.

"ஒண்ணும் தெரியலைங்க."

"வெளிச்சம் மாதிரி?"

"இல்லைங்க."

"எமன் வீட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடுத்தானா இல்லையான்னு கூடவா தெரியல?"

போஸ்ட்மாஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் பதில் வரும்வரை கைத்தடியின் பிடியை விடவில்லை. தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவனைப் பார்ப்பது போல லிஃப்ட்காரரைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஊசி போட வந்த நர்ஸும் கேட்டாள். துடைப்பத்தோடு வந்த ஆயாவும் கேட்டாள். யாருக்கும் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே இல்லை. ஸ்குரூ டிரைவரை நீட்டியது ஞாபகம் இருந்தது. அடுத்து ஆம்புலன்ஸின் கூரை. துணியை வெட்டித் தைத்தால் தையலாவது தெரியும், இதில் தையல்கூட இல்லை. தூங்கி எழுந்தவனுக்குத் தூங்கினோம் என்று ஒரு நினைப்பு இருக்கும், அதுவும் இல்லை. நடுவில் போன நேரம் வெயிட்டிடம்தான் இருந்தது.

"அது ஒரு யுகம் அண்ணே" என்பார் வெயிட்டு. "கையை எடுத்தா போயிடுவீங்கன்னு தெரியும். கை கடுக்குது. கொட்டு கொட்டுன்னு வேர்க்குது. அந்தச் செக்ரட்டரி வேற மூலையில உக்காந்துக்கிட்டு எனக்குத் தண்ணி குடு தண்ணி குடுங்கறான்."

அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார் லிஃப்ட்காரர். ஒருவனுக்கு யுகமாகப் போன நேரம் இன்னொருவனுக்கு நேரமாகவே போகவில்லை. இருக்கிறவனுக்குத்தான் பொழுது போகிறது. போனவனுக்கு என்ன மணி, என்ன கிழமை? மகள் செத்து நாலு வருஷம் என்று அவர்கள் வீட்டில் கணக்குச் சொல்வார்கள். அந்த நாலு வருஷமும் அவருக்கும் மனைவிக்கும் ஆனதுதான், மகளுக்கு ஆகவில்லை என்று முதன்முதலாக அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் புரண்டு படுக்கப் பார்த்தார். வெயிட்டு உடைத்திருந்த விலா எலும்பு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எதுவுமே கேட்காதவள் மனைவி ஒருத்திதான்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடைத்தெருவில் கீழே சாவிக்காரர் கடை, மேலே இவர்கள் கடை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா?" என்று பொறுமையாகக் கேட்பது அவள் வேலை. வீட்டிலும் அவள் அப்படித்தான். கத்த மாட்டாள், அவசரப்பட மாட்டாள். பதில் வரும்வரை கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை வெந்து கட்டுக்குள் இருந்தது. கட்டை விரலை முடித்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்:

"அவளைப் பாத்தீங்களா?"

எவளை என்று அவர் கேட்கவில்லை.

மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். சின்ன வயதில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அமுக்குவாள். "எங்கப்பா ஒருநாள் லீவு போட்டா இந்த ஊரே படியில ஏறணும்" என்று சிநேகிதிகளிடம் அளப்பாள். காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றாம் நாள் நினைவு தப்பிப்போனாள். ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மனைவியிடம், "போய்க் குளிச்சிட்டு வா, நான் இருக்கேன்ல" என்று சொல்லி அனுப்பியவர் லிஃப்ட்காரர்தான். அவள் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது மகளை முகத்தோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள்.

"இல்லம்மா" என்றார் இப்போது.

"யாரையுமே?"

"யாரையும் இல்லை. எதுவும் இல்லை."

"இருட்டா இருந்ததா?"

"இருட்டுன்னு கூடச் சொல்ல முடியாது."

அவள் சுண்டு விரலுக்கு வந்தாள். வெட்டிய நகத்தைக் காகிதத்தில் சேர்த்தாள்.

அவர் தன் பதிலை ஆறுதல் என்றே நினைத்திருந்தார். வலி இல்லை, பயம் இல்லை, தவிப்பு இல்லை. மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? ஆனால் ஒன்றும் இல்லை என்ற அதே சொல் மனைவியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேறாக இருந்தது. ஒன்றும் இல்லை என்றால் மகள் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் கேள்வி வந்தது. மாத்திரை கொடுக்கும்போது, "குரல் ஏதாவது?" கட்டு மாற்றும்போது, "யாராவது தொட்ட மாதிரி?" விளக்கைப் போடும்போது, "மங்கலாவாவது?" ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வேகமாக வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. பஸ்ல கண்டக்டரா இருந்தவராம். ரெண்டு வருஷம் முன்னாடி மாரடைப்பு வந்து, உங்களை மாதிரியே நின்னு போய்த் திரும்பி வந்தவரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"என்ன தெரிஞ்சதாம்?"

"அவங்க அம்மா. ஒரு வாசல்ல நின்னு வா வான்னு கூப்பிட்டாங்களாம்."

"அவருக்கு அப்படி இருந்திருக்கும்."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"கண்ணுல கோளாறு இருக்கறவங்களுக்கு எங்க கடை எழுத்து போர்டு வெள்ளையாத்தான் தெரியும். அதுக்காக எழுத்து இல்லைன்னு ஆயிடுமா? நீங்க சரியாப் பாக்கல. அவ்வளவுதான்."

அதைச் சொன்ன பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததை அவர் கவனித்தார். சாப்பிட்டாள். தூங்கினாள். ஆனால் கேள்வி நிற்கவில்லை. பார்வை திரும்பிவிடும் என்று நம்பும் வைத்தியர் போல நாள் தவறாமல் வந்து சோதித்துக்கொண்டிருந்தாள். அவர் நாள் தவறாமல் ஒன்றும் இல்லை என்றார். அதைச் சொல்லும்போதெல்லாம் மகளை இன்னொரு முறை போர்த்துவது போல இருந்தது.

வெயிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிளாஸ்டிக் நாற்காலியைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். லிஃப்ட்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லிட வேண்டியதுதானே அண்ணே?"

"என்னத்தை?"

"பாத்தேன்னு. பொண்ணு நல்லா இருக்குன்னு. ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வாய் வரலடா."

"நான் உங்க விலா எலும்பையே உடைச்சேன். யோசிச்சுக்கிட்டா இருந்தேன்? உயிரா எலும்பான்னா எலும்பு போகட்டும். அண்ணியைப் பாருங்க, முகம் எப்படி வத்திப்போச்சு." கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார். "ஒரு வெளிச்சம். ஒரு கதவு. பொண்ணு நிக்குது. சிரிக்குது. அம்மாவைப் பாத்துக்கோங்கப்பா, இப்ப வராதீங்க, போங்கன்னுது. முடிஞ்சுது."

"எந்த சினிமாவுல பாத்தே?"

"எல்லாத்துலயும்தான்."

லிஃப்ட்காரருக்கு அன்று சிரிப்பு வந்தது. ஆனால் விதை விழுந்துவிட்டது. கம்பெனி அவரைக் கொஞ்ச காலத்துக்கு மாடி ஏற வேண்டாம் என்று ஆபீசில் போன் எடுக்க வைத்திருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களிடம், "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்கவே மாட்டான். ஆனாலும் அப்படிச் சொன்னதும் மறுமுனையில் மூச்சு அடங்குவது கேட்கும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற ஒன்றை வீட்டில் சொல்லக் கூடாதா? போன் அடிக்காத நேரத்தில் அந்தப் பொய்யை மனசுக்குள் கட்டினார். வெயிட்டு சொன்ன கதவை எடுத்துவிட்டார், சினிமாத்தனமாக இருந்தது. மகளுக்கு நீலச் சட்டை போட்டுவிட்டார், அவளுக்கு அது பிடிக்கும். பயமாக இல்லை என்று அவள் சொன்னதாகச் சேர்த்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உதடு அசைய அசையச் சொல்லிப் பார்த்தார்.

சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து உக்காரு" என்றார். "ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா எனக்கே சரியா ஞாபகம் வரல."

கையில் இருந்த தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னார். நல்ல வெளிச்சம், கண் கூசாத வெளிச்சம். கொஞ்ச தூரத்தில் மகள். நீலச் சட்டை. முகத்தில் காய்ச்சல் களையே இல்லை. "பயமா இல்லப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். கிட்டே போகப் பார்த்தார், அதற்குள் வெயிட்டு இழுத்துவிட்டார்.

சொல்லத் தொடங்கியபோது அவள் முன்னால் சாய்ந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாலு வருஷமாக அவர் பார்க்காத முகம் அது. இந்த முகத்துக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவர் முடித்தார்.

"மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். வெளிச்சம், தூரம், நீலச் சட்டை, காய்ச்சல் களை, பயமா இல்லப்பா.

அவள் சாய்ந்திருந்த உடம்பு மெல்லப் பின்னுக்கு வந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைக்கு டிரைவருங்க வருவாங்க" என்றாள். "லைசென்ஸுக்கு சர்ட்டிபிகேட் வேணும்னு. பார்வை இருக்காது. முன்னாடி உக்காந்தவன் போர்டைப் படிக்கறதைக் காதால கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்து உக்காருவாங்க. கடகடன்னு சொல்லுவாங்க, எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரி. நிஜமாப் பாத்துப் படிக்கறவன் எங்கயாவது ஒரு எழுத்துல நிப்பான். கண்ணைச் சுருக்குவான். மாத்திச் சொல்லுவான்."

"இல்லம்மா, நிஜமாவே..."

"விடுங்க." அதட்டலாகச் சொல்லவில்லை. "யாரு சொல்லிக்குடுத்தாங்க, வெயிட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க ஒண்ணும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்த வரைக்கும், உங்க கண்ணுலதான் கோளாறுன்னு வச்சிருந்தேன். அது நல்லாத்தான் இருந்தது. இப்ப நீங்களே ஒண்ணை எழுதிக்கிட்டு வந்து படிக்கறீங்கன்னா, அங்க படிக்க ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

தெருவில் யாரோ வண்டியை உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"நான் கொஞ்ச நேரம்தானே போயிருந்தேன்" என்றார் லிஃப்ட்காரர். "அதுக்கு மேல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் இருக்கலாம்."

"கண்டக்டருக்கும் கொஞ்ச நேரம்தான்."

"அவர் பாத்திருக்கலாம்ல?"

"அவர் அம்மாவை அவர் பாத்தாரு. எனக்கு என்ன?"

அவள் துணியை எடுத்துத் தட்டை மீண்டும் துடைத்தாள். துடைத்த தட்டுதான்.

"நிஜத்தைச் சொல்லுங்க. எப்படி இருந்தது? ஒரு தடவை முழுசாச் சொல்லிடுங்க, அப்புறம் கேக்க மாட்டேன்."

சொன்னார். இந்த முறை தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார். ஸ்குரூ டிரைவர், பிறகு ஆம்புலன்ஸ் கூரை. நடுவில் தையல்கூட இல்லாதது. நேரமே போகாதது. வெயிட்டு கத்திக் கத்திக் கூப்பிட்டானாம், தான் அங்கே இருந்தால்தானே கேட்பதற்கு என்றார். அவள் கண்ணாடிக்குப் பவர் குறித்துக்கொள்வது போலக் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அவளுக்கு பயம் இருந்திருக்காது."

"இருந்திருக்காது."

"என்னைத் தேடியிருக்க மாட்டா."

அவர் யோசித்தார். ஆறுதலாகச் சொல்லும் பதில் எது என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை. "தேட மாட்டா" என்றார்.

"நான் குளிக்கப் போகாம பக்கத்துலயே உக்காந்து கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்திருந்தாலும்?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

அவள் தலையாட்டினாள். அந்த ஈரத் தலையை நாலு வருஷமாக அவள் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் குளித்து முடித்து வெளியே வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். பாரம் இறங்கினால் நிம்மதி வரும் என்பார்கள். இறங்கிய பிறகு அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் போயிருக்கக் கூடாது, அவள் என்னைத் தேடியிருப்பாள் என்ற அந்த வேதனையில்தான் மகள் இன்னும் எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்து அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கட்டிலும் காலி.

"உங்களை டாக்டர்கிட்ட மறுபடி எப்ப வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள்.

"நேத்தே போயிட்டு வந்துட்டேன். ஆபீஸ்லேருந்து அப்படியே."

"என்ன சொன்னாரு?"

"இதயம் நல்ல பலமா இருக்காம். இந்த அடியைத் தாங்குனது இன்னும் முப்பது வருஷம் தாங்கும்னாரு."

"எனக்குந்தான்" என்றாள். "போன மாசம் கடையில எல்லாருக்கும் பரிசோதனை பண்ணாங்க. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க."

இன்னும் முப்பது வருஷம், அதுவும் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் ஆக வேண்டும். அவள் எழுந்து போய்த் தட்டை அடுக்கினாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. சோறு சூடாக்கட்டுமா என்று உள்ளேயிருந்தே கேட்டாள். அவர் சரி என்றார்.